நடந்தவர்க்கும் ஒரு நினைவுக்கல்

செஞ்சிக் கோட்டையை அறியாதவர் நம்மில் யாரும் இல்லை. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பள்ளிக்கு வரும்போதெல்லாம் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் நம்முடன் கூடவே வருகின்றன. நாள்தோறும் கண்ணில் படுவதாலேயே அவற்றை நாம் உற்றுப் பாராமல் இருந்துவிட்டோம். உலகம் பார்த்துச் சொன்ன பிறகே நாமும் திரும்பிப் பார்த்தோம்.

2025-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள், பாரிசு நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, இந்தியாவில் மராத்தியர் படைத்துறைக்கு உரியனவாக இருந்த 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அச்செய்தி வந்த நாளில் எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. கோட்டையை நாங்களே கட்டியது போல் பூரித்துப் போனோம்!

அந்த ஆரவாரத்திற்கு நடுவே ஒரு தோழி மட்டும் கேட்டாள்: “பம்பாய்ப் பக்கத்திலிருந்து செஞ்சிக்கு வந்த ராஜாவைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் ஊருக்கு நடந்து வந்தவர்களைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?”

அவள் மேல்சித்தாமூர்ப் பெண். தமிழ்ச் சமணர்களாகிய நயினார் குடும்பத்தைச் சேர்ந்தவள். பள்ளிச் சுற்றுலாவின்போது பொழுது சாயுமுன் தன் கட்டுச்சோற்றை உண்டு முடித்துவிடுவாள். நாங்கள் அவளைக் கேலி செய்ததும் உண்டு. அன்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களில் யாருக்கும் விடை தெரியவில்லை. அதன்பின் பல நாள் மதிய இடைவேளைகளில் நாங்கள் பேசியதும், ஆசிரியையிடமும் நூலகத்திலும் தேடி அறிந்ததுமே இக்கட்டுரை. பழம்பெரும் பயணங்களையும் பாதைகளையும் நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பது பற்றிய எங்கள் கருத்தைப் பெரியோர்முன் பணிவுடன் வைக்கிறோம்.

முதலில் அந்த ராஜாவின் பயணத்தையே பார்ப்போம். 1677-இல் சத்ரபதி சிவாஜி தென்னாட்டுப் படையெடுப்பில் செஞ்சியைப் பீஜப்பூர் சுல்தானியத்திடமிருந்து கைப்பற்றி, அதன் மதில்களை வலுப்படுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த மதில்களே அவர் குடும்பத்திற்குப் புகலிடம் ஆயின. 1689 மார்ச்சில் அவருடைய மூத்த மகன் சம்பாஜி, முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். தலைநகராகிய ராய்கட் கோட்டையை முகலாயப் படை சூழ்ந்துகொண்டது. உள்ளே இருந்தவர்கள் சம்பாஜியின் மனைவி ஏசுபாய், அவருடைய சிறு மகன் சாகு, சம்பாஜியின் தம்பி ராஜாராம் ஆகியோர்.

அரச குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் அகப்பட்டால் அரசே அழிந்துவிடும். ஆகவே ராஜாராம் தப்பிச் செல்ல வேண்டும், தாமும் மகனும் கோட்டையிலேயே இருப்போம் என்று துணிந்தவர் ஏசுபாய். ராஜாராமுக்கு அப்போது 19 வயது. யாத்திரிகர் வேடம் பூண்டு, பன்ஹாளா, கெளதி நாடு, பெங்களூர், வேலூர் என்று சுற்றி வந்து, அவ்வாண்டின் இறுதியில் அவர் செஞ்சியை அடைந்தார். வழியில் கெளதி நாட்டை ஆண்ட அரசி சென்னம்மா, முகலாயரின் பகை வரும் என்று அறிந்தே அவருக்கு வழிவிட்டார். பகையும் வந்தது. அப்பயணத்தைக் கேசவ பண்டிதர் வடமொழியில் ‘ராஜாராம சரிதம்’ என்னும் காவியமாகப் பாடினார். செஞ்சி மராத்தியரின் தலைநகராயிற்று. 1690-இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீடித்தது. கோட்டை விழுமுன்பே ராஜாராம் தப்பித் தம் நாடு சேர்ந்தார்.

ஏசுபாய் என்ன ஆனார்? 1689 நவம்பரில் ராய்கட் வீழ்ந்தது. ஏசுபாய் சிறைப்பட்டார். அவர் விடுதலை பெற்று ஊர் திரும்பியது 1719-இல். ஏறத்தாழ 30 ஆண்டுகள்! பயணம் போனவரை ஏடுகள் பாடின. போகச் சொல்லிவிட்டுப் பின்தங்கி நின்றவரை எத்தனை பேர் நினைக்கிறோம்?

இன்னும் ஒரு கேள்வி. எட்டு ஆண்டுகள் ஒரு கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு படைகள் தங்கியிருந்தன. முற்றுகையிட்ட படையே உணவுக்குத் தவித்த காலமும் உண்டு என்று வரலாறு கூறுகிறது. அப்படியானால் அப்படைகள் உண்ட நெல் யாருடைய வயலில் விளைந்தது? குதிரைகள் தின்ற புல்லை அறுத்தவர் யார்? 1714-இல் போரில் மாண்ட தேசிங்கு ராஜனின் கதைப்பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும். குதிரையின் பெயரைக்கூட அது மறக்கவில்லை. குதிரைக்குப் புல் சுமந்தவளின் பெயர் எந்தப் பாட்டிலும் இல்லை.

இனி எங்கள் தோழியின் ஊருக்கு வருவோம். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் அமைந்த ஊர். மடத்தின் தலைவர் லட்சுமிசேன பட்டாரகர் என்ற பட்டப்பெயர் உடையவர். அங்குள்ள பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தையும் தேரையும் நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். மல்லிநாதர் கோயிலில் பாறையிலேயே செதுக்கப்பட்ட பாகுபலி, பார்சுவநாதர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் உள்ள திருநாதர்குன்றில் ஒரு பெரும்பாறையின் மேல் 24 தீர்த்தங்கரர்களும் இரு வரிசையாக வீற்றிருக்கின்றனர். அக்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் என்னும் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைப் பழந்தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. கோட்டைக்கு முதல் மதில் எழும்புமுன் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கல்வெட்டு அது.

சமணத் துறவியர் வண்டியில் ஏறார். காலில் செருப்பும் அணியார். மழைக்காலத்தில் புழுபூச்சிகள் மிதிபடாதிருக்க ஓரிடத்தில் தங்குவர். மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருப்பர். செஞ்சியை ஆண்ட நாயக்கர் ஒருவர் காலத்தில் சமணர்கள் துன்பப்பட்டார்கள் என்றும், அப்போது வீரசேனாசாரியார் என்பவர் கன்னட நாட்டுச் சிரவணபெளகொளவுக்குப் போய்விட்டார் என்றும், தாயனூர் காங்கேய உடையார் அவரைத் தேடிச் சென்று அழைத்து வந்து சமயம் தழைக்கச் செய்தார் என்றும் அவ்வூர்ப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இதுவும் செஞ்சியைச் சுற்றிய ஒரு பயணந்தான். இதில் வாளில்லை, குதிரையில்லை, கொடியில்லை. அதனால்தானோ என்னவோ, இதற்குப் பலகையும் இல்லை.

பாதைகளை நினைவுகூர்வதில் எழும் இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை அமெரிக்க நாட்டின் ஓர் உதாரணத்தைச் சொன்னார்கள். 1804 மே மாதம் லூயிஸ், கிளார்க் என்னும் இரு படை அலுவலர்கள், அதிபர் ஜெபர்சனின் ஆணைப்படி மேற்கு நோக்கிப் புறப்பட்டு, மிசௌரி ஆற்றின் வழியே சென்று, மலைகளைக் கடந்து, 1805 நவம்பரில் பசிபிக் கடலைக் கண்டனர். 1806 செப்டம்பரில் திரும்பினர். போகவும் வரவும் ஏறத்தாழ 8,000 மைல். 1978-இல் அமெரிக்க அரசு அவ்வழியைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. ஊருக்கு ஊர் பலகைகளும் அருங்காட்சியகங்களும் உண்டு.

அக்குழுவில் ஒரே ஒரு பெண் இருந்தார். பெயர் சகாஜவியா. ஷோஷோனி என்னும் பழங்குடியில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே வேற்றுக் குலத்தவரால் பிடித்துச் செல்லப்பட்டவர். 1805 பிப்ரவரியில் அவருக்கு ஆண்குழந்தை பிறந்தது. இரண்டு மாதக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவர் அக்குழுவோடு புறப்பட்டார். மலையைக் கடக்கக் குதிரைகள் கிடைக்காமல் குழு திகைத்து நின்றபோது, எதிர்ப்பட்ட ஷோஷோனித் தலைவர் அவருடைய உடன்பிறந்தவராக இருந்தார். குதிரைகள் கிடைத்தன. கடற்கரையை நெருங்கித் தங்கியிருந்தபோது, ஒரு திமிங்கிலம் கரையொதுங்கியது என்று கேட்டு ஆடவர்கள் பார்க்கப் புறப்பட்டனர். இவ்வளவு தூரம் நடந்து வந்தும் கடலையும் அந்தப் பெரிய மீனையும் எனக்குக் காட்டாமல் போவது நியாயமா என்று சகாஜவியா கேட்டார். நியாயத்தை உணர்ந்து அவரையும் அழைத்துச் சென்றனர்.

பயணம் முடிந்தது. அவர் கணவருக்குக் கூலியும் நிலமும் கிடைத்தன. அவருக்கென்று எதுவும் இல்லை. கிளார்க்கின் அடிமையாகக் கூட வந்து, மற்றவர்களைப் போலவே உழைத்த யார்க் என்னும் கறுப்பருக்கும் எதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, குழந்தையைச் சுமந்த சகாஜவியாவின் உருவத்தை ஒரு டாலர் நாணயத்தில் பொறித்தது. கூலி வர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின என்று எங்கள் தோழி ஒருத்தி சொன்னாள்.

அமெரிக்கர் இன்னொன்றும் செய்தனர். 1838, 1839 ஆண்டுகளில் செரோக்கி மக்கள் தம் சொந்த நிலத்திலிருந்து படைவீரரால் மேற்கே விரட்டப்பட்டனர். வழியிலும் முகாம்களிலும் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகின்றனர். அந்த வழியையும் 1987-இல் ‘கண்ணீர்ப் பாதை’ என்ற பெயரிலேயே தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தனர். வென்றவரின் பாதைக்குப் பலகை வைத்த கையே, தோற்றவரின் பாதைக்கும் வைத்தது. இழந்த நிலம் திரும்பவில்லை என்பது உண்மை. ஆயினும் இழந்தோம் என்பதையாவது இனி யாரும் மறைக்க முடியாது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு வேறொரு பாதை நினைவுக்கு வந்தது. அதற்காக நாங்கள் அமெரிக்கா வரை போகவே வேண்டியதில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைதோறும் நம் சிற்றாலயத்தில் நாம் நடக்கும் சிலுவைப் பாதைதான் அது. அதில் 14 நிலைகள். ஆண்டவர் சுமந்ததையும் விழுந்ததையும் மட்டும் அது சொல்லவில்லை. ஐந்தாம் நிலையில், வயலிலிருந்து வந்து சிலுவை சுமக்க நேர்ந்த சீமோன் நிற்கிறார். ஆறாம் நிலையில், முகம் துடைத்த வெரோணிக்கா. எட்டாம் நிலையில், பெயர் தெரியாத எருசலேம் மகளிர் அழுதுகொண்டு நிற்கிறார்கள். சுமந்தவர், உதவியவர், அழுதவர் ஆகிய எல்லாருக்கும் அங்கே தனித்தனி நிலை உண்டு. ஒரு பாதையை நினைவுகூரும் முறை இதுவே என்று நாங்கள் கருதுகிறோம். சமயம் வேறாக இருப்பினும், இந்த முறையில் எங்கள் மேல்சித்தாமூர்த் தோழிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

சிலர் இதை மறுக்கக்கூடும். “செஞ்சியைக் கட்டியவர்கள் கோனார் குலத்தவர், அதற்கு மராத்தியர் பெயரில் சிறப்பு எதற்கு?” என்பார் உண்டு. ஆனந்தக் கோன் முதன்முதலில் அங்கே கோட்டை எழுப்பியதாக மரபு கூறுவது மெய்தான். அவர் வழியினருக்குப் பின் நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர், முகலாயர், ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று அத்தனை பேரும் அங்கே கொடி ஏற்றினர். அவர்களில் ஒருவர் பெயரை அழித்து இன்னொருவர் பெயரை எழுதினால், நாமும் இன்னொரு முற்றுகையே நடத்தியவர்கள் ஆவோம். எல்லாப் பெயரும் இருக்கட்டும். பெயரில்லாதவர்க்கும் இடம் இருக்கட்டும்.

“பழங்கதைக்குச் செலவிடும் பணத்தில் கோட்டையில் குடிநீரும் கழிப்பறையும் அமைக்கலாமே” என்பாரும் உண்டு. பெண்களாகிய எங்களை விட இதன் அருமையை அறிந்தவர் யார்? அவை வேண்டும், முதலில் வேண்டும். ஆனால் நாங்கள் கேட்பது பளிங்கு மண்டபமன்று. செலவில்லாத சில செயல்களே.

முதலாவது, பள்ளியின் முகப்புச் சுவரில் நம் வட்டாரப் பாதைகளின் படம் ஒன்றை வரைவோம். ராஜாராம் வந்த வழியும், சிரவணபெளகொளவுக்குப் போன வழியும், புதுவைக் கடற்கரைக்குச் செஞ்சித் தூண்கள் சுமந்து செல்லப்பட்ட வழியும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு வழிக்கும் கீழே மூன்று வரிகள்: நடந்தவர் யார், உதவியவர் யார், இழந்தவர் யார். பெயர் தெரியாத இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்றே எழுதுவோம். அந்த வெற்றிடமும் ஒரு செய்திதான்.

இரண்டாவது, அடுத்த சுற்றுலாவில் பேருந்தில் கோட்டை வாயிலில் போய் இறங்குவதை விடுத்து, திருநாதர்குன்றிலிருந்து கோட்டை வரை நடந்தே செல்வோம். தமிழ்ச் சமணக் குடும்பத்தார் ‘அகிம்சை நடை’ என்ற பெயரில் பழைய குன்றுகளுக்குக் கூடிச் செல்கிறார்கள். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்வோம்.

மூன்றாவது, கல்லில் நம் பெயரைக் கீற மாட்டோம். 57 நாள் நோன்பிருந்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஒரு மணி நேரம் மலையேறி வந்தவரின் பெயரும் கல்லில் இருக்க வேண்டுமா?

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஆயா, கோட்டை வாயிலருகே மோரும் வெள்ளரிப்பிஞ்சும் விற்றவர். இக்கட்டுரைக்காக அவரைப் பார்க்கச் சென்றோம். “ஆயா, ராஜகிரி உச்சிக்கு ஏறியிருக்கிறீர்களா?” என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “எனக்கு எதுக்கும்மா மேல? வெயில்ல ஏறி இறங்கி வர்றவங்களுக்கு மோர் ஊத்திக் குடுத்தே நாப்பது வருஷம் ஓடிப்போச்சு” என்றார். கோட்டைக்கு வந்த எத்தனை ஆயிரம் பேரின் தாகத்தை அவர் தீர்த்திருப்பார்! அவர் ஒருமுறையும் மேலே போகவில்லை. போக வேண்டும் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

அவருடைய பேத்திக்குச் சென்ற சுற்றுலாவில் அனுமதி கிடைக்கவில்லை. “பொட்டப்புள்ளைக்கு மலை ஏறுற வேலை எதுக்கு?” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவளைப் போல் இன்னும் பலர் எங்கள் வகுப்பில் உண்டு. உங்கள் அச்சத்தை நாங்கள் அறிவோம். அது அன்பினால் வருவது என்பதையும் அறிவோம். ஆனால் செஞ்சியின் வரலாறே, ஒரு பெண் போகச் சொல்லி, ஒரு பெண் வழிவிட்டதால் நிகழ்ந்த பயணத்தில் நிற்கிறது. கைக்குழந்தையோடு கண்டத்தைக் கடந்த ஒரு தாய், கடலைக் காட்டுங்கள் என்று மட்டுமே கேட்டார். நாங்கள் கேட்பது, நாள்தோறும் சன்னல் வழியே பார்க்கும் மலையின் உச்சியை. அருட்சகோதரியர் உடன் வருவார்கள். மாலைக்குள் வீடு திரும்புவோம்.

அனுமதி தாருங்கள். அடுத்த ஆண்டு மலரில், உச்சியில் நின்று பார்த்தபோது மேல்சித்தாமூர் எந்தத் திசையில் தெரிந்தது என்று உங்களுக்கு எழுதுகிறோம். பள்ளிச் சுவரில் வரையும் படத்தில், கோட்டை வாயிலருகே, மோர்ப்பானையுடன் அமர்ந்த ஒரு மூதாட்டியையும் வரைவோம். அவர் பெயரை என்ன என்று எழுதுவது என்பதை அவர் பேத்தியே முடிவு செய்யட்டும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்